சிமுலேஷன் என்றால் பாசமும் பொய்யா?

"உலகமே சிமுலேஷன் (கணினியில் ஓடும் செயற்கை உலகம்) என்றால் அம்மாவின் பாசமும் பொய்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்யாகாது. உங்கள் காய்ச்சலுக்கு அவர் கண்விழித்தது, உலகம் எதனால் ஆனதானாலும் நடந்ததுதான்.

தத்துவவாதி நிக் பாஸ்ட்ரமின் வாதத்தில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. 2003-இல் அவர் சொன்னது, மூன்றில் ஒன்றாவது உண்மை என்று: இப்படி ஓர் உலகைக் கணினியில் உருவாக்கும் திறன் வருமுன்பே நாகரிகங்கள் அழிந்துவிடும், வந்தாலும் தங்கள் முன்னோர்களின் உலகை அப்படி உருவாக்க மாட்டார்கள், அல்லது நாம் அநேகமாக சிமுலேஷனில் இருக்கிறோம். மூன்றாவதுதான் சரி என்று அவர் நிரூபிக்கவில்லை.

ஒன்று செய்து பாருங்கள். நாளைக்கே அது உறுதியானால் யாரிடம் பேசுவதை நிறுத்துவீர்கள்? ஒரு பெயரும் வராவிட்டால், உண்மையைத் தெரிந்துகொள்ளப் பயப்பட வேண்டாம். நான் தெரிந்துகொள்ளவே விரும்புவேன்.

ஆனால் சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாததுபோல் நாள்கணக்கில் தோன்றி, தூக்கமும் கெட்டால், அது தத்துவச் சிக்கல் இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.