ரத்த ஓட்டம் திரும்பிய பிறகும் அப்பாவின் காலை ஏன் கிழித்தார்கள்?

இல்லை, யாரும் தவறு செய்துவிட்டு மறைக்கவில்லை. ‘கால் ரத்தக்குழாய்ல இருந்த அடைப்பை எடுத்தாச்சு, ரத்தம் ஓடுதுன்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு அப்பா கெண்டைக்கால்ல ரெண்டு பக்கமும் இவ்வளவு நீளத்துக்குக் கிழிச்சாங்க?’ என்று காசிமேட்டிலிருந்து ஆத்திரத்தோடு கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கீறல் போட்டதால்தான் அப்பாவுக்கு இன்று கால் இருக்கிறது.

ரத்தம் நின்றுபோனால் தசை ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். 6 மணி நேரம் ஆகிவிட்டால் பெரும்பாலும் மீளாத சேதம்தான். அப்பாவுக்கு வலி வந்தது விடிகாலை 4 மணிக்கு, அடைப்பை எடுத்தது பத்தரைக்கு. அவ்வளவு நேரம் பட்டினி கிடந்த தசையில் ரத்தம் மறுபடி பாயும்போது, அது கொண்டுவரும் ஆக்சிஜனிலிருந்தே செல்லை அரிக்கும் பொருள்கள் உண்டாகின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து தசை வீங்குகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகளோ நான்கு அறைகளாக, நெகிழாத உறைக்குள் இருக்கின்றன. டப்பாவில் கொண்டைக்கடலையை நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக மூடிவைத்தால் என்ன ஆகும்? அதேதான். உள்ளே அழுத்தம் ஏறினால், வந்த ரத்தமும் தசைக்குள் போகாது. பாதத்தில் நாடி மட்டும் நன்றாகத் துடிக்கும்! அந்த நாடியை நம்பிக் காத்திருந்து பறிபோன கால்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அறுவை மருத்துவர் காத்திருக்காமல் உறையைத் திறந்துவிட்டார்.

நீங்கள் பார்த்த ‘கெட்ட ரத்தம் இதயத்துக்கு ஏறும்’ என்ற வீடியோவில் ஒரு துளி உண்மை உண்டு. செத்த தசையிலிருந்து வரும் பொட்டாசியம் முதல் ஓரிரு நாளில் இதயத் துடிப்பைக் குலைக்கலாம். தசையின் சாயம் சிறுநீரகத்தை அடைக்கலாம். ஆஸ்பத்திரியில் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனது அதனால்தான், பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றியதும் அதற்குத்தான். இப்போது 3 வாரம் ஆகிவிட்டது. வீடியோவை மூடுங்கள்.

விரல் மதமதப்பு, தழும்பில் அரிப்பு, சாயங்கால வீக்கம் எல்லாம் மெல்லக் குறையும். நரம்பு தேறவே மாதக்கணக்கு ஆகும்.

மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்கும் வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். இப்போதுதான் அடி வாங்கிய சிறுநீரகம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வேறு. இதில் அந்த மாத்திரையையும் சேர்த்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். வலிக்கு என்ன தரலாம் என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அன்று ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததில் மட்டும் 3 மணி நேரம் போயிருக்கிறது. காலை அடைத்த ரத்தக்கட்டி வந்தது அப்பாவின் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்திலிருந்து. மறு காலுக்கோ கைக்கோ இன்னொன்று வரலாம். திடீரென்று வலித்தால் புறங்கையால் இரண்டு கால்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்று, வெளுத்து, மரத்திருந்தால் மணியைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தெருமுனை கிளினிக் வேண்டாம், விடியட்டும் என்றும் வேண்டாம். ஸ்டான்லி அவசரப் பிரிவு பக்கத்தில்தானே இருக்கிறது? இல்லையென்றால் 108.

வீடு வந்த பிறகு, வார்ஃபரின் அளவு சரியா என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிறெல்லாம் தேவையில்லை, நாளைக்கே அழைத்துப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்.