டாக்டர் பதிவு, உரிமம்: கேள்வி பதில்

அண்ணா நகர்: மெடிக்கல் கவுன்சிலில் ஒருமுறை பதிவு செய்தால் ஆயுளுக்கும் போதும்தானே?

பதிவு வேறு, தொழில் செய்யும் உரிமம் வேறு. 2023 பதிவு, உரிம விதிகளின்படி உரிமம் 5 ஆண்டுக்குத்தான். முடிவதற்கு 3 மாதம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) சான்றுகளை அவ்வப்போதே கோப்பில் போட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது.

தாம்பரம்: தேசிய மருத்துவப் பதிவேட்டில் விண்ணப்பித்தால் ஆதாரோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்கிறது.

இன்ஷியல்தான். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', பட்டத்தில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணியன்'. ஆள் ஒருவர், கணினிக்கு மூவர். பட்டமும் கவுன்சில் பதிவும் ஒன்றாக இருந்தால் ஆதாரைத் திருத்துங்கள், அதுதான் சுலபம். பட்டத்திலேயே பிழை என்றால் முதலில் பல்கலைக்கழகம், அடுத்து கவுன்சில், அப்புறம்தான் பதிவேட்டின் போர்ட்டல். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

வேளச்சேரி: ஜார்ஜியாவில் படித்து எஃப்.எம்.ஜி.இ. (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு) பாஸ். கிளினிக் போடலாமா?

கூடாது. 300-க்கு 150 வாங்கியது முதல் படி. தற்காலிகப் பதிவு வாங்கி இங்கே இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் நிரந்தரப் பதிவு. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான 2021 நவம்பர் விதிகள் உங்களுக்குப் பொருந்தினால் 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், பிறகு இங்கே இன்னொரு 12 மாதம். பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெரம்பூர்: ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பட்டத்தில்...

தாம்பரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முகப்பேர்: கர்நாடகப் பதிவோடு சென்னைக்கு வந்துவிட்டேன். தேசியப் பதிவேடுதான் வந்துவிட்டதே, தமிழ்நாட்டிலும் ஏன் விண்ணப்பிக்க வேண்டும்?

பதிவேடு தேசியம்தான். ஆனால் எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறீர்களோ, அந்தக் கவுன்சிலில் விண்ணப்பிக்கச் சொல்கிறது விதி. பழைய கவுன்சிலின் தடையில்லாச் சான்றை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

முகப்பேர், மீண்டும்: 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல் எந்த மாநில நோயாளியையும் பார்க்கலாம் என்கிறதே!

வீடியோவில் பார்க்கலாம். இங்கே அறை எடுத்து உட்கார்ந்து, நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவோ கத்தி எடுக்கவோ அது உரிமம் ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கீழ்ப்பாக்கம்: எம்.எஸ். மேற்படிப்பு முடித்துவிட்டேன், கிளினிக் பெயர்ப் பலகையில் போட்டுக்கொள்ளலாமா?

கூடுதல் தகுதியாக முதலில் பதிவு செய்யுங்கள். மருந்துச் சீட்டு, சான்றிதழ், ரசீது எல்லாவற்றிலும் பதிவு எண் வேண்டும். 2023-இல் வந்த டாக்டர்களுக்கான புதிய நடத்தை விதிகளை அந்த ஆகஸ்டிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2002 நடத்தை விதிகள்தான் நடப்பில் உள்ளன.

அம்பத்தூர்: கிளினிக்குக்கு லைசென்ஸ்?

அது கவுன்சில் வேலையில்லை. மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தில் பெயரும் இன்ஷியலும் பதிவுச் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும்.