கடைசி பெஞ்சிலிருந்து வந்த ஊசிக் கேள்விகள்

நம் வகுப்பில் மருத்துவம் படிக்கப் போனவன் நான் ஒருவன்தான். அந்தக் குற்றத்துக்கு ஓய்வு பெற்ற பிறகும் விடுதலை இல்லை. வகுப்புக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது தடுப்பூசிச் செய்திதான். காலை ஐந்து மணிக்கே ஒன்று வந்து விழும். ஆறு மணிக்குள் நான்கு பேர் "டாக்டர், இது உண்மையா?" என்று கேட்டிருப்பார்கள். தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் இந்த மாதம் சேர்ந்த கேள்விகளுக்கு எல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

யார் பெயரையும் போடவில்லை. படித்தாலே ஆள் தெரிந்துவிடும். பையன்களுக்கு 'நீ', பெண்களுக்கு 'நீங்கள்'. பள்ளியில் இருந்த பழக்கம், இந்த வயதில் மாற்ற வரவில்லை.

கேள்வி (கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம்): நான் போட்டுக்கொண்டது அஸ்ட்ராஜெனிகா கோவிட் ஊசி. அது ரத்தத்தை உறைய வைக்கும் என்று கம்பெனியே கோர்ட்டில் ஒப்புக்கொண்டதாக மறுபடியும் செய்தி வருகிறது. எனக்கு இரவில் தூக்கமே இல்லை. ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் தூங்கு. செய்தி பொய்யில்லை, ஆனால் பழசு. அந்த நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் அப்படிச் சொன்னது 2024-இல். மருத்துவ உலகத்துக்கு விஷயம் தெரிந்தது அதற்கு மூன்று வருடம் முன்பே. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து முகமை இதை மிக அரிதான பக்கவிளைவு என்று பட்டியலில் சேர்த்துவிட்டது.

நடப்பது இதுதான். மிகச் சிலருக்கு ஊசிக்குப் பிறகு உடம்பு தவறான ஒரு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைத் தூண்டிவிட, அவை ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பை உண்டாக்குகின்றன. அதே சமயம் தட்டணுக்களின் எண்ணிக்கையும் சரிகிறது. இது வருவதானால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து வருகிற சமாசாரம் இல்லை. கோவிஷீல்டு போட்டவர்களுக்கும் இதே பதில்; பெயர்தான் வேறு, ஊசி ஒன்றுதான். உனக்குப் பரிசோதனை எதுவும் வேண்டாம். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் போன மாதம் சொன்னாயே, உனக்கு அடைப்பு வருவதானால் அந்த வழியாகத்தான் வரும். அதைத் திரும்ப ஆரம்பி.

கேள்வி (கணக்கில் எப்போதும் நூறு வாங்கியவன்): "95 சதவீதம் பாதுகாப்பு" என்றார்கள். அப்படியானால் போட்டுக்கொண்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்றுதானே அர்த்தம்? எனக்கே இரண்டு முறை வந்துவிட்டதே!

பதில்: நூறு வாங்கினவனே இப்படிக் கேட்டால் என்ன செய்வது? ஃபைசர் ஊசியின் சோதனையில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, நோய் வந்ததா என்று கணித்த மருத்துவருக்கும் தெரியாது. கடைசியில் 170 பேருக்குக் கோவிட் வந்தது. மறைத்து வைத்த பட்டியலைத் திறந்து பார்த்தால், அதில் 162 பேர் உப்புத் தண்ணீர் ஆட்கள். 8 பேர்தான் நிஜ ஊசி. 162-க்கு 8 என்றால் ஏறக்குறைய 5 சதவீதம். மீதி 95 தடுக்கப்பட்டது. அதாவது, ஊசி இல்லாவிட்டால் வந்திருக்கக்கூடிய நூறு நோயில் 95 வரவில்லை என்று அர்த்தம். நூறு பேருக்கு ஐந்து பேர் என்ற கணக்கே இல்லை.

உனக்கு ஏன் இரண்டு முறை வந்தது? அந்தச் சோதனை நடந்தது 2020-இல், அன்றைய வைரஸை வைத்து. 2021 கடைசியில் ஒமிக்ரான் வந்து வேஷத்தை மாற்றிக்கொண்டது. போதாததற்கு, தொற்றையே தடுக்கிற சக்தி ஊசி போட்ட சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போகாமல் காக்கிற சக்தி அதைவிட அதிக நாள் நிற்கும். இரண்டு முறையும் நீ வீட்டிலேயே படுத்து எழுந்தாயே, அதில் ஊசிக்கும் பங்கு உண்டு.

கேள்வி (அவனே மறுபடியும்): அப்படியானால் மருத்துவமனையில் படுத்தவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள் என்றார்களே?

பதில்: இதையும் கணக்காகவே போடு. ஓர் இடத்தில் ஆயிரம் முதியவர்கள் என்று வைத்துக்கொள். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். வார்டில் பாதிக்குப் பாதிதான். ஆனால் ஒரு பக்கம் 900-இல் பத்து, இன்னொரு பக்கம் 100-இல் பத்து. ஒன்பது மடங்கு வித்தியாசம். வார்டை மட்டும் எண்ணி, வெளியே இருக்கிறவர்களை எண்ணாமல் விட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

கேள்வி (பள்ளி நாடகத்தில் ராணி வேஷம் போட்டவர்): இந்த ஊசி நம் மரபணுவையே மாற்றிவிடும் என்று என் மருமகன் சொல்கிறார். படித்தவர்தான்.

பதில்: மரபணு இருப்பது செல்லின் நடுவில், உட்கருவுக்குள். ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ ஊசியில் இருக்கிற குறிப்பு அந்த அறைக்குள் போவதே இல்லை. வெளியே நின்று, வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதம் எப்படி இருக்கும் என்று செல்லுக்குக் காட்டிவிட்டு, சில நாளில் சிதைந்து போகிறது. அது அவ்வளவு சீக்கிரம் சிதைவதுதான் விஞ்ஞானிகளுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. ஃபைசர் ஊசியை முதலில் மைனஸ் 70 டிகிரியில் வைத்ததும் அதனால்தான். கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், உடம்பு இந்தக் குறிப்பை எதிரியாக நினைத்துப் பாயாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதைப் பற்றி 2005-இல் எழுதினார்கள். நோபல் பரிசு 2023-இல்தான் வந்தது. மருமகனிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவன்): ஊசி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டுகிறதாமே?

பதில்: ஒட்டாது. அரை மில்லிக்கும் மேற்படாத மருந்து அது.

கேள்வி (வகுப்பு லீடர்): இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், ரத்தம் இளக்கும் மாத்திரை எடுக்கிறேன். ஊசி போடலாமா? மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தவா?

பதில்: நீயாக நிறுத்தாதே. அதுதான் ஆபத்து. ஊசி போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல், மெல்லிய ஊசியாகப் போடுவார். போட்ட பிறகு பஞ்சை வைத்து இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடி, தேய்க்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துப் பிடி, நாம் நினைக்கிற இரண்டு நிமிடம் பெரும்பாலும் இருபது நொடிதான். வார்ஃபரின் என்ற ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சமீபத்திய பரிசோதனை அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கால் மணி நேரம் அங்கேயே உட்கார். கடுமையான ஒவ்வாமை வருவது மிக அபூர்வம்; வந்தால் பெரும்பாலும் அந்தக் கால் மணிக்குள் வந்துவிடும்.

கேள்வி (முதல் பெஞ்ச், இரட்டைப் பின்னல்): ஊசி போட்ட பிறகு அக்குளில் கட்டி போல வந்தது. அடுத்த வாரம் மார்பகப் பரிசோதனை இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: கேட்டதற்கு நன்றி, பலர் கேட்காமல் பயந்தே கிடப்பார்கள். ஊசி போட்ட கையின் அக்குளில் நெறி கட்டுவது தெரிந்த விஷயம். நிணநீர் முடிச்சுகள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். எந்தக் கையில், எந்தத் தேதியில் ஊசி போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அங்கே கொடுங்கள். படம் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. சில வாரங்களில் கட்டி கரையாவிட்டால், அல்லது ஊசி போடாத பக்கம் இருந்தால், மருத்துவரிடம் நேரில் காட்டிவிட வேண்டும்.

கேள்வி (ஓட்டப்பந்தயக்காரன்): கோவிட் ஊசியை விடு. அக்கிக்கு ஊசி இருக்கிறதாமே, அது நமக்குத் தேவையா? என் அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

பதில்: இந்த மாதத்தின் சிறந்த கேள்வி இதுதான். யாரும் ஃபார்வர்ட் செய்யாத விஷயம், ஆனால் நம் வயதுக்கு ரொம்ப முக்கியம்.

சிறு வயதில் நமக்கு வந்த சின்னம்மை போய்விட்டதாக நினைத்தோம். அந்த வைரஸ் போகவில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அறுபது வருடமாகத் தூங்குகிறது. வயதாக ஆக நம் காவல் தளர்கிறது, அது விழித்துக்கொண்டு ஒரே நரம்பு வழியாக இறங்குகிறது. அதுதான் அக்கி. அதனால்தான் கொப்புளம் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருகிறது, நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. பல நேரம் எரிச்சல் முதலில், கொப்புளம் இரண்டு மூன்று நாள் கழித்து. அந்த இடைவெளியில் மாரடைப்பு என்று ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை ஆரம்பித்தால் நல்ல பலன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பார்வைக்கு ஆபத்து. உன் அண்ணன் பட்டது கொப்புளம் ஆறிய பிறகும் போகாத நரம்பு வலி. சட்டை உரசினால்கூடத் துடிப்பார்கள். இப்போது இருக்கிற புது ஊசி உயிருள்ள வைரஸ் இல்லாதது. இரண்டு தவணை, நடுவில் இரண்டு முதல் ஆறு மாதம். எழுபது தாண்டியவர்களிடமும் சோதனையில் சுமார் 90 சதவீதம் தடுத்தது. முன்பே அக்கி வந்தவர்களும் ஆறிய பிறகு போடலாம். போட்ட அன்றும் மறுநாளும் உடம்பு வலி கொஞ்சம் பலமாகவே இருக்கும். அதற்குப் பயந்து இரண்டாவதை விட்டுவிடாதே.

நிமோனியா ஊசி, வருடா வருடம் ஃபுளூ ஊசி, இரண்டும் நம் பட்டியலில் உண்டு. சில நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஃபுளூ ஊசியிலேயே நான்கு மடங்கு வீரியம் வைத்துக் கொடுக்கிறார்கள். நம் உடம்புக்கு மெதுவாகச் சொன்னால் காது கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி (தலைப்பாகை கட்டிய போட்டோ வைத்திருப்பவன்): விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைத் தினமும் பார்க்கிறேன். காலையில் 91 காட்டியது, அரை மணியில் 97. எதை நம்ப?

பதில்: கை சில்லிட்டிருந்ததா? சில்லென்ற விரல், நகப் பூச்சு, நடுங்கும் கை எல்லாம் எண்ணைக் கெடுக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, உட்கார்ந்து, மார்புக்கு நேராக வைத்து, ஒரு நிமிடம் எண் நிலைக்கும்வரை பார். சாதாரணமாக 95-க்கு மேல் இருக்க வேண்டும். காய்ச்சல் இருமலோடு 94-க்குக் கீழே நின்றால் மருத்துவரைக் கூப்பிடு. 90 பக்கம் வந்தால் கூப்பிட்டுக்கொண்டிருக்காதே, கிளம்பு.

இன்னொன்று. இந்தக் கருவி தோல் வழியாக ஒளியை விட்டு அளக்கிறது. கறுப்பின நோயாளிகளிடம் இது இல்லாத ஆக்சிஜனை இருப்பதாகக் காட்டும் தவறு, வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2020 டிசம்பரில் எழுதினார்கள். நம் தோல் நிறத்துக்கும் இது நினைவில் இருக்கட்டும். மூச்சு வாங்குகிறது, எண் மட்டும் அழகாக 96 என்றால், மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

சும்மா இருக்கும்போது தினமும் பார்ப்பதை நிறுத்து.

கேள்வி (பாட்டுப் பாடுகிறவர்): இப்போது கோவிட் வந்தால் மாத்திரை உண்டா?

பதில்: உண்டு, பாக்ஸ்லோவிட். அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஐந்து நாள் சாப்பிட வேண்டும். அதில் இருக்கும் ஒரு மருந்து, இன்னொன்றைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடாமல் பிடித்து வைக்கிறது. சிக்கல் என்னவென்றால், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் அப்படியே பிடித்து வைக்கும். சில கொலஸ்ட்ரால் மாத்திரை, சில ரத்தம் இளக்கும் மாத்திரை, சில இதயத் துடிப்பு மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. அதனால் எல்லா மாத்திரைப் பெயரையும் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். "வெள்ளையா, சின்னதா ஒண்ணு" என்பது மருந்தின் பெயர் இல்லை.

கேள்வி (மறைந்த நம் நண்பனோடு ஒரே சைக்கிளில் வந்தவன்): அவன் 2021-இல் இரண்டு ஊசியும் போட்டானே. அப்படியும் போய்விட்டானே. பிறகு எதற்கு இதெல்லாம்?

பதில்: இதற்குப் பதில் எழுத மூன்று நாள் ஆயிற்று.

அவனுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருந்தது நம்மில் சிலருக்குத்தான் தெரியும். சொல்ல வேண்டாம் என்றிருந்தான். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டான். அதே மாத்திரை ஊசியின் வேலையையும் அடக்கிவிடும். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு இரண்டு ஊசிக்குப் பிறகும் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் அவர்களுக்கு மூன்றாவது ஊசி என்று அனுமதித்ததே 2021 ஆகஸ்டில். அவன் அதற்கு முன்பே போய்விட்டான்.

ஊசி அவனைக் கைவிட்டது என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் அவனைப் போன்றவர்களுக்குக் காவல் அவர்கள் உடம்புக்குள் மட்டும் இருக்க முடியாது, சுற்றி இருக்கிறவர்களிடமும் இருக்க வேண்டும். நம்மில் இப்போது புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கு நீ அடிக்கடி போகிறாய். உனக்கு இருமல் இருக்கும் வாரம் போகாதே, கதைகளைப் போனிலேயே பேசு.

கேள்வி (இரட்டைப் பின்னலின் பக்கத்தில் உட்கார்ந்தவர்): ரொம்பச் சின்னக் கேள்வி. இடது கையா, வலது கையா?

பதில்: எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவீர்களோ, அதற்கு எதிர்க் கை. போட்ட பிறகு கையைத் தூளியில் போட்டதுபோல் வைத்திருக்காமல் சும்மா ஆட்டிக்கொண்டிருங்கள், வலி குறையும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போடலாம். வரும் முன்பே போட வேண்டியதில்லை. மறுநாள் கை வலித்தால் எனக்குச் செய்தி அனுப்பலாம். காலை ஐந்து மணிக்கு மட்டும் வேண்டாம்.