போலீஸ்காரத் தாத்தா

அன்புள்ள ஐயா,

டர்பனின் வடக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். போன் செய்து போலீஸ் வருவதற்குள் விடிந்துவிட்டது. முன்பு டர்பன் நகரத்துக்கென்றே சொந்தப் போலீஸ் இருந்ததாமே, அது ஏன் போனது? நம் ஆட்கள் வாழும் பகுதிக்கு நம் ஆட்களையே வைத்து ஒரு போலீஸ் இருந்தால் இந்தக் கதி வருமா? இதைப் பற்றி எழுதுவீர்களா?

பி.கு.: என் கொள்ளுத்தாத்தா அந்தப் போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்தார் என்று அப்பா சொல்வார். வீட்டில் வேறு யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

திருட்டில் யாருக்கும் அடிபடவில்லை என்று நம்புகிறேன். கடிதத்தைவிட அதன் பின்குறிப்பைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. நகரப் போலீஸ் எங்கும் போகவில்லை. டர்பன் 1854இல் நகராட்சியானபோதே அதற்கென்று ஒரு போலீஸும் வந்துவிட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16 அன்று. நாம் கரையிறங்கும் முன்பே போலீஸ் இருந்தது. நகரத்துக்கு வெளியே, அன்றைய நேட்டால் காலனியில், 1874இல் நேட்டால் குதிரைப் போலீஸ் வந்தது. 1913 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதற்குமாகத் தென்னாப்பிரிக்கப் போலீஸ் வந்த பிறகும் டர்பன் தன் போலீஸை விட்டுக்கொடுக்கவில்லை. 2000இல் பெயர் மாறி வந்த மெட்ரோ போலீஸ் அதன் வாரிசுதான். போக்குவரத்து, நகராட்சி விதிகள், குற்றத் தடுப்பு, இவைதான் அதன் வேலை. ஆளைப் பிடிக்கலாம், ஆனால் வழக்கை விசாரிப்பது தேசியப் போலீஸ். உங்கள் தெருத் திருட்டு அவர்கள் மேசைக்குத்தான் போகும். தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறை, வண்டிப் பற்றாக்குறை என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். அதை இங்கே பேசப்போவதில்லை.

சரி, கொள்ளுத்தாத்தா.

1897 ஜனவரி 13 அன்று காந்தி டர்பன் துறைமுகத்தில் இறங்கி நடந்து வரும்போது வெள்ளையர் கூட்டம் சூழ்ந்துகொண்டு அடித்தது. நகரப் போலீஸ் சூப்பரிண்டெண்ட் அலெக்சாண்டரின் மனைவி குடையை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். அந்தக் குடையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்று இரவு காந்தி தங்கியிருந்த பார்சி ருஸ்தம்ஜியின் வீட்டைக் கூட்டம் வளைத்தது. அலெக்சாண்டர் வாசலில் நின்று, காந்தியை ஆப்பிள் மரத்தில் தூக்கிலிடும் பாட்டைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடிப் பொழுதைக் கடத்தினார். அதற்குள் காந்தி ஓர் இந்தியக் கான்ஸ்டபிளின் உடுப்பை மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மதராசித் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியேறி ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தார்.

அந்த உடுப்பு யாருடையது? குடைக்காரம்மாவை நினைவில் வைத்திருக்கிறோம், பாட்டுப் பாடியவரை வைத்திருக்கிறோம், உடுப்புக்காரரை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அந்த வேஷம் ஏன் பலித்தது என்று யோசித்துப் பாருங்கள். நேட்டாலில் 1869ஆம் ஆண்டின் 15ஆம் சட்டப்படி, இரவு ஒன்பது மணிக்கு மேல் விடிகாலை ஐந்து வரை, வெள்ளையரல்லாதவர் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நின்றால் பிடிக்கலாம். ராத்திரி நேரத்தில் ஓர் இந்தியனைத் தெருவில் பார்த்தால் யாரும் ஏன் என்று கேட்காத உடுப்பு அது ஒன்றுதான். காந்தியைக் காப்பாற்றிய அதே போலீஸ்தான் மற்ற இரவுகளில் நம்மைப் பிடித்து உள்ளே வைத்தது. அலெக்சாண்டர் அன்று நேர்மையாக நடந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கையில் இருந்த சட்டம் அந்த ஒன்பது மணிச் சட்டம்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார், தாத்தாவின் அண்ணன். நான் அவரைப் பார்த்ததில்லை, அவருடைய பெல்ட்டைப் பார்த்திருக்கிறேன். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பராக்ஸில் எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அகலமான தோல், பித்தளைக் கொக்கி. தாத்தா அதில்தான் சவரக்கத்தியைத் தீட்டுவார். தீட்டித் தீட்டி ஒரு பக்கம் கறுத்து எண்ணெய் போட்டதுபோல மின்னும். மறுபக்கத்தில் ஒரு நம்பர் குத்தியிருக்கும், அதை விரலால் தடவிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஆயா, அதாவது பாட்டி, பார்த்தால் கையைத் தட்டிவிடுவாள். "நம்ம ஜனத்தையே நிறுத்தி வச்சு பாஸ் கேட்ட மனுசன்" என்பாள், அதற்கு மேல் பேசமாட்டாள். அவர் பெயரைக்கூட நான் தாத்தாவின் சாவுக்குப் பிறகு வந்த ஒரு சொந்தக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆயாவின் கோபம் நியாயம். ஆனால் தோட்டத்துக் கரும்பிலிருந்து தப்பிக்க அந்த மனிதருக்கு வேறு என்ன வழி இருந்தது? மாதச் சம்பளம், காலில் பூட்ஸ், தோட்டத்து மேஸ்திரியான சர்தாரின் சாட்டைக்குப் பயப்பட வேண்டாத ஒரு வேலை. அவர்களை நாம் வெட்கப்பட்டு மறைத்தோம். அதனால்தான், தம்பி, நகரப் போலீஸ் என்றால் ஏதோ நமக்கிருந்து பறிபோனது என்று உங்களால் எழுத முடிகிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் பேசியிருந்தால் இப்படிக் கேட்டிருக்கமாட்டீர்கள்.

அந்தப் போலீஸில் நம் ஆட்கள் இருந்தார்கள். இருந்து என்ன ஆயிற்று? ஒரு போலீஸ் யாருக்குப் பதில் சொல்கிறதோ அவர்களுடைய பயத்துக்குத்தான் காவல் நிற்கும். உடுப்புக்குள் இருப்பவன் தமிழனா, ஜூலுவா என்பது அதை மாற்றாது. டர்பன் போலீஸ் நகரசபைக்குப் பதில் சொன்னது. நகரசபை வெள்ளை வாக்காளருக்குப் பதில் சொன்னது. 1924இல் புது இந்திய வாக்காளர்களுக்கு நகராட்சி வாக்குரிமையும் இல்லை என்று ஆக்கினார்கள், வீட்டுவரி மட்டும் நின்றபாடில்லை. ஆப்பிரிக்கர்களின் கதை இதைவிட மோசம். 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பீர் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சியே வைத்துக்கொண்டு, அந்த வருமானத்தில் அவர்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தை நடத்தியது. வீட்டில் பீர் காய்ச்சிய பெண்களின் பானைகளை உடைக்கப் போனவர்களில் ஆப்பிரிக்கப் போலீஸ்காரர்களும் உண்டு. அவர்களும் 'நம் ஆட்கள்'தானே?

'நம் பகுதிக்கு நம் ஆட்கள்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 2021 ஜூலைக் கலவரத்தை மறந்துவிட்டீர்களா? போலீஸ் இல்லாத அந்த நாட்களில், இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் தெருக்களில் நம் ஆட்கள்தான் தடுப்பு போட்டு நின்றார்கள். பயந்துபோய் நின்றவர்கள், முதியவர்களுக்கு ரொட்டியும் பாலும் கொண்டு கொடுத்தவர்கள், எல்லோரும் அதில் இருந்தார்கள். அங்கே 36 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அக்கம்பக்கத்திலிருந்து வேலைக்கும் கடைக்கும் நம் தெரு வழியாகப் போய்வருகிறவர்களை நிறுத்தி, நீ யார், இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியைத்தான் ஒன்பது மணிக்கு மேல் நம் முன்னோரிடம் கேட்டார்கள். இன்னொரு முறை அதைக் கேட்க ஆள் சேர்க்கச் சொல்லி எனக்கு எழுதாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது சீக்கிரம் வருகிற போலீஸ், அவ்வளவுதானே? 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு சமூகப் போலீஸ் மன்றம் இருக்க வேண்டும். உங்கள் ஸ்டேஷனின் மன்றக் கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை வண்டி ஓடுகிறது, எத்தனை பேர் ராத்திரி டியூட்டியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் ஜூலு குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் வீட்டிலும்தான் திருடன் புகுகிறான்.

அப்புறம், அப்பாவிடம் கொள்ளுத்தாத்தாவின் காலனி நம்பரை, அதாவது ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண்ணைக் கேளுங்கள். அது கிடைத்தால் கப்பல் பதிவேட்டில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் இருக்கும். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் தொடங்குங்கள், பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். நகராட்சியின் பழைய ஆண்டறிக்கைகளில் போலீஸ் சூப்பரிண்டெண்டின் அறிக்கையும் இருக்கும், அதையும் பாருங்கள். என்ன கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டுப் போலீஸ்காரரையும் நான் அங்கேதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்