மில் வீட்டு ராமு

வணக்கம் சார்,

இரண்டு வருஷத்துக்கு முன் சிறுமலைப் பாதையில் வேன் அடித்து ஒரு தாய்க்குரங்கு செத்துக் கிடந்தது. குட்டி அதன் வயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை, எடுத்துவந்தோம். பால்புட்டியில் பால் கொடுத்து வளர்த்தோம். குட்டிமணி என்று பெயர் வைத்தோம். என் மகளோடுதான் தூங்கும். போன மாதம் யாரோ புகார் கொடுக்க, வனத்துறையினர் வந்து கொண்டுபோய்விட்டார்கள். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நாய், பூனை வளர்க்கலாம், குரங்கு வளர்த்தால் மட்டும் குற்றமா? ஆஞ்சநேயரைக் கும்பிடுகிற ஊரில்தானே இருக்கிறோம்? சென்னையில் இருக்கும் என் மைத்துனர், "அழாதே, மார்மோசெட் வாங்கித் தருகிறேன், வெளிநாட்டுக் குரங்கு, சட்டப் பிரச்சினை கிடையாது" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா? குட்டிமணியைப் போய்ப் பார்க்கலாமா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

மைத்துனர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். மார்மோசெட் பிரேசில் காட்டுக் குரங்கு. அரைக் கிலோகூடத் தேறாது. குடும்பமாகவே வாழ்ந்து பழகியது. வெயில் படாமல் அறைக்குள்ளேயே வைத்திருந்தால் அதன் எலும்பு வலுவிழந்து வளையும். காய்ச்சல் வந்துபோன பின் நமக்கு உதட்டோரம் கொப்புளம் போடுமே, அந்தக் கிருமி தொற்றினால் அது பிழைப்பது அரிது. உங்கள் மகள் அதற்கு முத்தம் கொடுக்காமல் இருப்பாளா? சட்டப் பிரச்சினை கிடையாது என்பதும் சரியில்லை. 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, இப்படிப்பட்ட வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குள் குரங்குக்குட்டிகள் பிடிபடும் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இனி குட்டிமணி.

எங்கள் ஊர் அரிசி மில்லில் ராமு என்றொரு குரங்கு இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மில்காரர் அதை எங்கிருந்தோ குட்டியாகக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் மில்காரரின் சின்ன மகன் தோள்தான் அதற்கு வீடு. அவனுக்குப் பேன் பார்க்கும். (அவன் தலையில் பேனே கிடையாது என்று அவன் அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.) பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் எல்லோரும் கடலையோடு மில்லுக்கு ஓடுவோம்.

மூன்று நான்கு வருஷத்தில் ராமு கடுவனாகிவிட்டது. கோரைப்பல் நீண்டது. கூலிக்கு நெல் கொண்டுவரும் பெண்களைப் பார்த்து உறுமும். வேப்பமரத்தடியில் சங்கிலி போட்டார்கள். சங்கிலி எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுக்கு மண்ணில் ஓர் அரைவட்டம் புல் முளைக்காமல் கிடக்கும். ஒருநாள் சின்ன மகன் எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே கடலையை நீட்டினான். மணிக்கட்டில் ஏழு தையல், அப்புறம் வெறிநாய்க்கடி ஊசி. அதே ராமு மில்காரர் வந்தால் உதட்டைச் சப்புக்கொட்டிப் பணிந்து உட்காரும்.

"நன்றிகெட்ட ஜன்மம்" என்றது ஊர். பின்னாளில் குரங்குகளைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பது குரங்குப் பாஷையில் சண்டைக்குக் கூப்பிடுவது. தவிர, குட்டி என்றால் கூட்டத்தில் எல்லோரும் பொறுத்துப்போவார்கள்; வளர்ந்த கடுவன் தனக்கு மேலே யார், கீழே யார் என்று உரசிப் பார்க்கும். மில் வீடுதான் ராமுவின் கூட்டம். பெரியவரோடு மோத முடியாது, சின்னவனோடு மோதலாம். அது முழுக்க முழுக்கக் குரங்காக நடந்துகொண்டது, அவ்வளவுதான்.

கடைசியாக அதைக் கிட்டத்தில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குட்டியாக இருந்தபோது இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள், அதில்தான் சங்கிலி. கடித்த பிறகு அதை அவிழ்த்துக் கட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. உடம்பு பெருக்கப் பெருக்கக் கயிறு சதைக்குள் போய்விட்டது. நான் பார்த்தபோது கயிறே தெரியவில்லை. ரோமத்துக்கு நடுவில் ஈரமாக ஒரு கோடு, அதில் ஈ மொய்த்தது. மில்காரர் கெட்டவர் இல்லை. தினமும் தன் கையால்தான் அதற்குச் சோறு வைப்பார்.

குட்டிமணிக்கு இப்போது இரண்டு வயது. நீங்கள் பார்த்தது நல்ல காலத்தை மட்டும்தான். இந்த இனம் மனிதரிடம் வளர்ந்தால் முப்பது வருஷம்கூட இருக்கும். நாய் கதை வேறு. அது குறைந்தது 15,000 வருஷமாக நம்மோடு இருக்கிறது. சொல் கேட்பதையே பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறோம். குட்டிமணியின் அம்மா காட்டில் பிறந்தவள்.

ஆஞ்சநேயர் பெயரைச் சொன்னீர்கள். சனிக்கிழமை வெற்றிலை மாலை சாத்துகிறோம், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி வாழைப்பழம் போடுகிறோம். அந்தப் பழத்துக்காகத்தான் குரங்குகள் ரோட்டோரம் வந்து காத்திருக்கின்றன. வேன் சும்மா வந்து அடிக்கவில்லை. இத்தனைக்கும் நம் நாட்டுக்குரங்கு தீபகற்ப இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். தெருவெல்லாம் திரிவதால் நமக்கு அது உறைப்பதில்லை.

குட்டியை எடுத்ததில் தவறில்லை. உங்கள் இடத்தில் நானும் எடுத்திருப்பேன். மறுநாளே வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் பக்கத்தில் இருந்தால் வேறொரு மந்தி தூக்கிக்கொள்வதும் உண்டு. தூக்காமல் போவதும் உண்டு. சங்கப் பாட்டு ஒன்றில் கடுவன் இறந்துபோக, மந்தி மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடும். அதற்கு முன் இன்னும் தொழில் கற்காத குட்டியைத் தன் சுற்றத்திடம் சேர்த்துவிட்டுத்தான் போகும். கிளை தாவுவது, எந்தக் காயைத் தின்னலாம், யாரைக் கண்டால் ஒதுங்கவேண்டும், எல்லாம் அங்கேதான் கற்கவேண்டும். உங்கள் மகள் எவ்வளவு பிரியமாக இருந்தாலும் அதைச் சொல்லித்தர முடியாது.

நாய்கள் கடித்த குரங்குக்குட்டி ஒன்றை ஒரு கால்நடை மருத்துவர் பத்து மாதம் போலப் பராமரித்தார். 2024-ல் வனத்துறை அதை வண்டலூருக்குக் கொண்டுபோனது. தன் பராமரிப்பில் தரும்படி அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார், நீதிமன்றம் தரவில்லை. படித்தபோது என் மனசு அவர் பக்கம்தான் போனது. கூண்டு மட்டும் நல்ல வீடா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கூண்டில் இன்னும் நாலு குரங்கு இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி.

அதனால்தான், போய்ப் பார்ப்பதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். மகளைக் கண்டால் அது கம்பியைப் பிடித்துக் கத்தும், மற்ற குரங்குகளோடு சேருவது தள்ளிப்போகும். நீங்கள் மட்டும் வனச்சரக அலுவலகத்துக்குப் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தனியாக வைத்திருக்கிறீர்களா, மற்ற குட்டிகளோடு விட்டிருக்கிறீர்களா? தனியாகத்தான் என்றால் எனக்கு எழுதுங்கள். கூட்டத்தில் சேர்க்கச் சொல்லி மனு எழுதுவோம். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.