பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்கிறார்கள்: டோக்கன் பணமாவது திரும்புமா?

கேள்வி: கோவையில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் பார்த்தோம். மாத வாடகை 18,000 ரூபாய். டோக்கனாக 25,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். ஒப்பந்தம் எழுத ஆதார் நகல் கொடுத்த அன்று மாலையே, "முஸ்லிம்களுக்குக் கொடுக்க அசோசியேஷன் சம்மதிக்கவில்லை" என்று ஓனர் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். டோக்கன் திரும்பாது என்கிறார் புரோக்கர். போலீஸில் புகார் கொடுக்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறோம், சகோதரி. மதத்தைச் சொல்லி ஒருவர் தன் வீட்டை வாடகைக்குத் தர மறுப்பது, அந்த மறுப்பு அளவில், போலீஸ் வழக்குப் போடும் குற்றமாகாது. மதம், சாதி போன்றவற்றைச் சொல்லிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 15(1)ஆம் பிரிவு அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். அரசின் வீட்டுவசதி வாரியம் இப்படிச் செய்திருந்தால் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தனியாரையும் தொடுவது 15(2). ஆனால் அதில் வருபவை கடை, உணவகம், ஹோட்டல், கேளிக்கை இடம், பொதுக் கிணறு, குளம், சாலை போன்றவை. வாடகை வீடு அதில் இல்லை. தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடியிருப்பு வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. மதத்தின் பெயரால் நடப்பதற்கு அப்படியொரு சட்டத்தை நாடு இன்னும் இயற்றவில்லை. ஸ்டேஷனில் "இது சிவில் விவகாரம்மா" என்றால், மறுப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரிதான்.

பணம் அப்படியில்லை. அதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. பேச்சை முறித்தவர் ஓனர். தானே விலகிவிட்டு முன்பணத்தையும் வைத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இடம் தராது. அவர் எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் முதல் ஆதாரம். அவர் அதை அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவருடைய எண் தெரியும்படி இன்னொன்றும் எடுங்கள். உரையாடல் முழுவதையும் 'எக்ஸ்போர்ட்' செய்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வழக்கு என்று வந்தால் 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63ன்படி இந்த மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அதன் ஒரு பகுதியில் நீங்களும் மற்றொன்றில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். மூலச் செய்தி போனில் இல்லாவிட்டால் அங்கேதான் சிக்கல் வரும்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். கோபத்தில் "சரி, எங்களுக்கும் உங்கள் வீடு வேண்டாம்" என்று பதில் எழுதிவிடுகிறார்கள். விலகியது நீங்கள்தான் என்று வாதாட அது போதும். ஓனரின் பெயர், படத்தோடு வீடியோ போடுவதும் அப்படித்தான். அவதூறு என்று எதிர்ப்புகார் வரும், உங்கள் பணம் பேச்சிலிருந்தே காணாமல் போய்விடும். போனில் வாதாடாமல் எழுத்தில் இவ்வளவு மட்டும் அனுப்புங்கள்: "இந்தத் தேதியில் டோக்கனாக 25,000 ரூபாய் அனுப்பினேன், பரிவர்த்தனை எண் இது. வாடகைக்குத் தர நீங்களே மறுத்துவிட்டீர்கள். 7 நாளில் அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும்."

வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்துவையுங்கள். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100, அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே அந்த ஆணைக்குழுவிடம் சமரச மனு கொடுங்கள். 25,000 ரூபாய்க்கு இதுதான் புத்திசாலித்தனமான வழி. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. சமரசம் ஆகவில்லை என்றால் சிவில் வழக்கு. அதற்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

"அசோசியேஷன் சம்மதிக்கவில்லை" என்பதைப் பாதி சமயம் ஓனர்கள் கேடயமாகத்தான் பிடிக்கிறார்கள். அப்படி ஒரு விதி சங்கத்தின் விதித் தொகுப்பான பைலாவில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே ஒரு பழைய தீர்ப்பைக் காட்டுவார்கள்: அகமதாபாத்தில் பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒரே சமூகத்தார் கூடி, பதிவு செய்த பைலாவோடு தொடங்கிய சங்கம். பில்டரிடம் ஃபிளாட் வாங்கியவர்களின் பராமரிப்புச் சங்கத்துக்கு, வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவுக்கு, அந்தத் தீர்ப்பு பொருந்தாது.

போலீஸுக்குப் போக வேண்டிய இடங்கள் வேறு. கேட்டில் வழிமறித்தால், மிரட்டினால், மதத்தைச் சொல்லித் திட்டினால் அதே நாளில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மதத்தைக் கேவலப்படுத்தினார் என்று பொதுவாக எழுதினால் புகார் நிற்காது. சொன்ன வார்த்தை, நேரம், இடம், யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். சென்னையில் உள்ள மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம். மற்றவருக்கு எழுதிய கடிதத்தின் நகலாக அல்ல, ஆணையத்தின் பெயருக்கே எழுத வேண்டும். ஆணையம் விளக்கம் கேட்கும், பரிந்துரைக்கும், ஓனரைக் கட்டாயப்படுத்தாது.

அடுத்த வீட்டுக்கு ஒரு வார்த்தை. டோக்கன் போடும் முன்பே முழுப் பெயரை அனுப்பி "சம்மதமா?" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இப்படிக் கேட்க வேண்டியிருப்பதே அவமானம்தான், ஆனாலும் பணம் பிழைக்கும். ஒப்பந்தம் ஆனதும் நிலைமை தலைகீழாகிவிடும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி குறிப்பிட்ட காரணங்களுக்காக, வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் காலி செய்ய வைக்க முடியும். மதம் அந்தக் காரணங்களில் இல்லை. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் எழுத்து ஒப்பந்தம் இல்லாததே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் என்று அதே சட்டம் சொல்கிறது. "11 மாதம்தானே, பதிவு எதற்கு" என்பதைக் கேட்காமல், ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்கிவையுங்கள்.