பழைய கோயில் தபாலட்டைக்கு என்ன பெறுமதி?

அப்பப்பாவின் தகரப்பெட்டியில் திருகோணமலை சுவாமி மலைப் படத் தபாலட்டை ஒன்று கிடைத்தது. மலை இருக்கிறது, கோயிலைக் காணவில்லை. வேறு இடமோ? (கல்லடி)

அதே இடம்தான் தம்பி. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1624இல் இடித்தார்கள். இப்போது நாம் கும்பிடும் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். நடுவில் முந்நூறு ஆண்டுக்கு மேல் சனங்கள் வெறும் பாறை விளிம்பில் நின்றுதான் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். ஆகவே உங்கள் படம் அதற்கு முந்தியது.

இன்னும் நெருங்க வேண்டுமென்றால் அட்டையைத் திருப்புங்கள். நடுவில் கோடு இல்லாமல் விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் மிகப் பழையது. ஒரு பக்கம் செய்தி, மறுபக்கம் விலாசம் என்று எழுத பிரித்தானியாவில் 1902இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன் செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். அப்புறம் ஒரு லென்ஸை எடுத்துப் படத்தைப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. புள்ளியே இல்லாமல் நிழல்கள் வழுவழுப்பாக இறங்கினால், கறுப்புப் பகுதியில் வெள்ளி போல ஒரு மினுக்கம் இருந்தால், அது அசல் போட்டோ அட்டை. அப்படியானவை குறைவாகவே அடிக்கப்பட்டன, பெறுமதியும் கூட. படத்தில் ஆட்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றால் இன்னும் நல்லது. ஒரு படம் அனுப்புங்கள், பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

என்னிடம் கண்டி தலதா மாளிகை வண்ண அட்டை, ஆறாம் ஜோர்ஜ் முத்திரையோடு. முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றித் தனியாக விற்கலாமா? (காத்தான்குடி)

வேண்டாம் நானா, தயவுசெய்து வேண்டாம். அந்த முத்திரை தனியே சில ரூபாய்தான் போகும். அட்டை, முத்திரை, தபால் சீல், எழுத்து நாலும் சேர்ந்துதான் ஒரு பொருள். சீலில் ஊர்ப்பெயரும் திகதியும் வாசிக்கக்கூடியதாக இருந்தால், அதுவும் சிறிய கிழக்குத் தபாலகம் ஒன்றின் சீலாக இருந்தால், படத்தைவிட அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: மாளிகை அட்டைகள் கொழும்பில் பிளாட்டே போன்ற நிறுவனங்கள் பயணிகளுக்கென்று ஏராளமாக அடித்தவை. பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.

மாமாங்கேஸ்வரர் கோயில் அட்டை ஒன்றை 1910ஆம் ஆண்டுக்குரியது என்று விற்கிறார்கள். பின்னால் ‘ஸ்ரீ லங்கா’ என்று அச்சிட்டிருக்கிறது. (வந்தாறுமூலை)

வாங்காதீர்கள். 1972இல்தான் நாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. பழைய அட்டைகளில் ‘சிலோன்’ என்றே இருக்கும். இனி எதை வாங்கினாலும் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் ஒருமுறை பிடியுங்கள். காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது அந்தக் காலத்துக் காகிதம் அல்ல.

லமினேட் செய்தால் பாதுகாப்புத்தானே? (அக்கரைப்பற்று)

இல்லை. லமினேட் செய்தால் அத்தோடு பெறுமதி போய்விடும். செலோடேப்பும் கூடாது, அழிறப்பரும் கூடாது.

அப்போ எப்படித்தான் வைப்பது? வாவிக்கரை வீடு, எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. (புளியந்தீவு)

நம் ஊரின் பெரிய எதிரி ஈரக்காற்றுத்தான், பிறகு கறையான். அட்டையைப் பீவீசீ பிளாஸ்டிக் வாசம் அடிக்கும் மலிவு உறையில் போடாதீர்கள். பொலியெஸ்டர் உறை நல்லது. இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, நிலத்திலிருந்து உயரமாக வையுங்கள்.

1978 சூறாவளியும் 2004 சுனாமியும் இந்தக் கரையில் எத்தனை வீட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோயின என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் மட்டக்களப்பு, அம்பாறைக் கோயில், பள்ளிவாசல், தேவாலய அட்டை எது கிடைத்தாலும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: விற்பதென்றாலும் முதலில் இரு பக்கத்தையும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணி வையுங்கள்.

விலையை எப்படித் தெரிந்துகொள்வது? (கல்முனை)

ஈபேயில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள் தங்கச்சி, விற்று முடிந்தவை என்ற பட்டியலைப் பாருங்கள். அதே படம், அதே நிலை என்று மூன்று நாலாவது ஒப்பிடுங்கள். மூலை மடிந்திருந்தால் விலை நன்றாக இறங்கும்.